பைனாகுலரை மாற்றும் முன் கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கடலோரச் சதுப்புக்குள் போகும் மரப்பலகைப் பாதைக்கு ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குப் போகிறீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து திரும்புகிறீர்கள். கொக்கும் நீர்க்காகமும் தவிர வேறு எதுவும் சரியாகக் கண்ணில் படவில்லை. ஆனால் அதே பாதையில் அதே வாரம் போன ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். கையில் இருக்கும் 8×42 பைனாகுலரை (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம்) கொடுத்துவிட்டு 10×42 வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, ஒருநாள் பலகைக்கு அடியில் ஓடி மறைந்த பழுப்பு நிறப் பறவை எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பைனாகுலரைப் பற்றிக் கேட்டாலும், ஒரே இடத்துக்குப் போன இரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான் உண்மையில் உங்களை உறுத்துவது என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் கருவி இல்லை. அவர் போனபோது தண்ணீர் எங்கே இருந்தது, நீங்கள் போனபோது எங்கே இருந்தது என்பதுதான் முக்கால்வாசிக் காரணம். மீதிக் கால்வாசி, நடந்துகொண்டே இருப்பது.

பல வருடமாகக் கடலோர நீர்நிலைகளில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் சதுப்பு எந்தக் கரையில் இருக்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் எந்தக் கரைக்கும் பொருந்துவதைத்தான் அழுத்திச் சொல்லப் போகிறேன். இடத்துக்கு இடம் மாறுகிற விஷயங்களை அங்கங்கே பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

காட்டில் பறவை பார்த்துப் பழகியவர்கள் விடியற்காலையை விடவே மாட்டார்கள். சதுப்பில் அந்தப் பழக்கம் பாதிப் பறவைகளுக்குத்தான் உதவும். நாணலுக்குள் இருக்கும் கதிர்க்குருவிகள் விடியலில் நன்றாகக் கத்தும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். ஆனால் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகளுக்குக் கடல் வைத்ததுதான் நேரம். அவற்றின் இரை சேற்றுக்குள் இருக்கிறது. சேறு வெளியே தெரியும்போது மேயும், தண்ணீர் மூடியதும் ஏதாவது மேட்டில் ஒதுங்கி ஒற்றைக் காலில் நின்று தூங்கும். இரவிலும் இதே கணக்குதான், இருட்டிலும் அவை மேய்கின்றன. ஆகவே ஆறு மணி என்பதற்கு அவற்றிடம் எந்த மதிப்பும் இல்லை.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்தின் உச்சிக்கும் அடுத்த ஏற்றத்தின் உச்சிக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். அதாவது இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் முழுக்க வற்றியிருந்தால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு முழுக்க ஏறியிருக்கும், அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடி வற்றியிருக்கும். வற்றிய நேரத்தில் பறவைகள் சேற்றுவெளியின் கடல் ஓரத்துக்குப் போய்விடும், பாதையிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள். முழுக்க ஏறிய நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத மேட்டில் கூட்டமாக நிற்கும். இரண்டுமே உங்களுக்குப் பயன்படாத நேரம். அப்படிப்பட்ட ஞாயிறுகளே சில வாரங்களுக்குத் தொடர்ந்து உங்களுக்கு வாய்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய அட்டவணையை எடுத்து நீங்கள் போன தேதிகளை ஒப்பிட்டால் இது சரியா என்று தெரிந்துவிடும்.

பலகைப் பாதையில் நாம் கீழே இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. பறவை நானூறு மீட்டர் தள்ளி மேய்ந்தால் அங்கே போக வழியில்லை. அதை நம் பக்கம் கொண்டுவருவது ஏறும் தண்ணீர் மட்டுமே. அதனால் உச்ச ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் மொத்த உயரத்தில் பாதி ஏறும். சேற்றுவெளி கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தாலே பல பத்து மீட்டர் அகலம் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் நீர்விளிம்பில் மேயும் கூட்டம் நிமிடத்துக்கு நிமிடம் பின்வாங்கி உங்களை நோக்கி வரும். ஒரு இடத்தில் கொத்தும், தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் நாலடி பறந்து மறுபடி இறங்கும். உச்சிக்கு அரை மணி முன்னால் மேய இடமில்லாமல் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பிப் போய்விடும். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். இறங்கும்போதும் பார்க்கலாம், ஆனால் எனக்கு ஏற்றமே பிடிக்கும். இறக்கத்தில் பறவைகள் நம்மைவிட்டு விலகிக்கொண்டே போகும், ஒன்றை அடையாளம் காண்பதற்குள் தூரம் கூடிவிடும்.

இதுவரை சொன்னது உறுதி. அட்டவணையை அப்படியே நம்பலாமா என்பதில்தான் கவனம் வேண்டும். அட்டவணையில் இருப்பது ஒரு துறைமுகத்துக்கோ கழிமுகத்துக்கோ கணித்த நேரம். உங்கள் சதுப்பு ஓடை வழியாக உள்ளே தள்ளி இருந்தால் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பது ஓடையின் நீளத்தையும் அகலத்தையும் பொறுத்தது, வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பாதையின் ஒரு தூணில் கண்ணால் அடையாளம் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறுவது நிற்கும் நேரத்தை ஓரிரு முறை குறித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் காற்று. கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். அட்டவணையில் இது எதுவும் இருக்காது. மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் போன்ற இடங்களில் ஏற்ற இறக்கமே மிகக் குறைவு. உங்கள் கரையும் அப்படி என்றால், அல்லது சதுப்புக்கும் கடலுக்கும் இடையே மதகு இருந்தால், மேலே சொன்ன கணக்கு பெரிதாக உதவாது. அங்கே மழை, காற்று, மதகு திறப்பு ஆகியவைதான் சேறு தெரிவதையும் மறைவதையும் முடிவுசெய்யும். எப்படி இருந்தாலும் தேட வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு ஈரச்சேறு எங்கே வெளியே தெரிகிறது.

அமாவாசை, பௌர்ணமிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் வரும் பெரிய ஏற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு வசதி அதில் உண்டு. ஓர் இடத்தில் பெரிய ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். உங்கள் சதுப்பில் இந்தப் பௌர்ணமிக்குக் காலை எட்டு மணிக்கு வந்தால், அடுத்த அமாவாசைக்கும் எட்டு மணியை ஒட்டியே வரும். ஒருமுறை தெரிந்துகொண்டால் ஆண்டு முழுவதும் திட்டமிடலாம். இதோடு வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஈரச்சேற்றில் எதிர்வெயில் பட்டால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான், காலின் நிறம் சிவப்பா பச்சையா என்று எந்தப் பைனாகுலரும் காட்டாது. சேற்றுவெளி பாதைக்கு மேற்கே இருந்தால் காலை ஏற்றம், கிழக்கே இருந்தால் மாலை ஏற்றம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் சேற்றின் மேல் கானல் அலையடிக்கும். அப்போது தூரத்துப் பறவைகளை விட்டுவிட்டு அருகில் இருப்பதைப் பார்ப்பதுதான் நல்லது.

சரி, நேரம் அமைந்துவிட்டது. அடுத்து எங்கே நிற்பது? முனைக்கு முனை நடப்பதை விட்டுவிடுங்கள். பாதை முழுக்க நல்ல இடம் என்று இரண்டு மூன்றுதான் இருக்கும். ஓடை வளைந்து உட்பக்கம் சேற்றுமேடு படிந்திருக்கும் வளைவு ஒன்று. உமரிச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும் ஆழமில்லாத குட்டை ஒன்று. நாணலும் திறந்த சேறும் சந்திக்கும் விளிம்பு ஒன்று. அலையாத்தி மரங்கள் இருந்தால் அவற்றின் மூச்சுவேர்கள் முடிகிற ஓரமும் அப்படித்தான். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரமாவது அசையாமல் நில்லுங்கள். பலகையில் வைக்கும் ஒவ்வோர் அடியும் தூண் வழியாகச் சேற்றில் இறங்குகிறது. நாம் மெதுவாகத்தான் நடக்கிறோம் என்று நினைப்போம், அடியில் இருக்கும் உயிர்களுக்கு அது தெரியும்.

நின்றதும் தூரத்தைப் பார்க்காமல் காலுக்குக் கீழே இருக்கும் சேற்றைப் பாருங்கள். வெப்பமான கரைகளில் அங்கே ஒற்றைக் கொடுக்கு பெரிதாக உள்ள சிறு நண்டுகள் இருக்கும். நீங்கள் வந்ததும் எல்லாம் வளைக்குள் போயிருக்கும், வெறும் துளைகள்தான் தெரியும். சில நிமிடத்தில் ஒரு துளையின் வாயில் இரண்டு கண்காம்புகள் எட்டிப் பார்க்கும். அடுத்து பாதி உடம்பு. பிறகு முழு நண்டு வெளியே வந்து சேற்றை அள்ளி வாயில் வைக்கத் தொடங்கும், அது தொடங்கியதும் பக்கத்தில் பத்து வரும். நண்டுகள் வெளியே வந்து மேய்கின்றன என்றால் உங்கள் அதிர்வு அடங்கிவிட்டது என்று பொருள். எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை. நண்டைத் தின்னும் பறவைகளும் அதற்குப் பிறகுதான் அருகில் வருகின்றன. நண்டு இல்லாத குளிர்க் கரைகளில் சேற்று நத்தைகளும் புழுக்கள் தள்ளும் மண்சுருள்களும் இருக்கும். அவை அடர்த்தியாக உள்ள திட்டுக்கு எதிரே நிற்பது நல்லது.

பறவைகள் வந்துவிட்டால் உடனே நிறத்தைத் தேடாதீர்கள். குளிர்கால உடையில் கரைப்பறவைகளில் பெரும்பாலானவை மேலே சாம்பல், கீழே வெள்ளை. புத்தகப் படத்தை வைத்துக்கொண்டு நிறத்தை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் அவை எப்படிச் சாப்பிடுகின்றன என்று பாருங்கள். உப்புக்கொத்திக்குப் பெரிய கண், குட்டை அலகு. அது பார்த்துத்தான் பிடிக்கும். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான்களில் பல தொட்டுத்தான் தேடும். தலையைத் தூக்காமல் தையல் இயந்திரத்தின் ஊசி போல அலகைச் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே நகரும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதிக் கூட்டத்தைப் பிரித்துவிடலாம். கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசிக்கொண்டு போகும். கல்திருப்பி உள்ளான் பெயருக்கேற்றபடி சிப்பி, கல், பாசி எல்லாவற்றையும் புரட்டும். பச்சைக்காலி ஆழமில்லாத நீரில் சின்ன மீனைத் துரத்தி ஓடும். பவளக்காலி வேகமாக நடந்துகொண்டே கொத்தும். நெடுங்கால் உள்ளான் மற்றவற்றால் போக முடியாத ஆழத்தில் நின்று நீர்மட்டத்தில் பூச்சி பொறுக்கும்.

அந்த அலகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேற்றில் துழாவும் உள்ளான்களின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ரெட் நாட் என்ற உள்ளானை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் ஒன்றைக் காட்டினார்கள். அலகை ஈர மணலில் குத்தும்போது நீரில் எழும் அழுத்தம், உள்ளே புதைந்திருக்கும் சிப்பியால் தடைபடுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து, சிப்பியைத் தொடாமலே அது இருக்கும் இடத்தைப் பறவை தெரிந்துகொள்கிறது. பல உள்ளான்களால் அலகு முழுவதையும் திறக்காமல் மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறக்கவும் முடியும். மூக்கன் ஒன்று கண் வரைக்கும் அலகைப் புதைத்துவிட்டு, அப்படியே ஒரு கணம் நின்று, நீளமான புழுவை உருவி எடுப்பதைப் பார்த்தால் இது புரியும். புழு அறுந்துவிடாமல் இருக்க இழுப்பை நிறுத்தி நிறுத்தி இழுக்கும். வெஸ்டர்ன் சாண்ட்பைப்பர் என்ற சின்ன உள்ளான் சேற்றின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தையே நாக்கால் வழித்துத் தின்கிறது என்பது 2008இல்தான் வெளிவந்தது. வெறும் சேறு என்று நாம் தாண்டிப் போகும் இடம் அவற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு.

உங்கள் பழுப்புப் பறவைக்கு வருகிறேன். "கோழிக்குஞ்சைவிடக் கொஞ்சம் பெரியது, வாலை விடைத்து விடைத்து ஓடியது, பறக்கவே இல்லை, அன்றைக்குத் தண்ணீர் பலகையைத் தொடும் அளவுக்கு இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது கானாங்கோழிக் குடும்பத்துப் பறவை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அந்தக் குடும்பத்துப் பறவைகள் பக்கவாட்டில் ஒடுங்கிய உடம்போடு புல்லுக்கும் நாணலுக்கும் இடையே ஊர்ந்து திரியும். சாதாரண நாளில் சத்தம் மட்டும் கேட்கும், உருவம் தெரியாது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் புல் முழுகியதும் ஒளிய இடமில்லாமல் விளிம்புக்கும் மேட்டுக்கும் பாதைக்கு அடியிலும் வந்துவிடும். அவற்றைப் பார்க்க ஆண்டில் கிடைக்கும் நல்ல வாய்ப்பே அந்த ஒரு மணி நேரம்தான். அது எந்த இனம் என்று நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை மூன்றைப் பாருங்கள்: அலகு தலையைவிட நீளமா குட்டையா, விலாவில் வரிகள் உண்டா, வாலடி வெள்ளையா பழுப்பா. இன்னொன்று, அது உங்களை விட்டு ஓடியதாக நினைக்க வேண்டாம். அதே நேரத்தில் நாரைகளும் பூனைப்பருந்துகளும் அவற்றைப் பிடிக்கத்தான் மேலேயும் ஓரத்திலும் காத்திருக்கும். அப்படி ஒன்று பாதைக்கு அடியில் ஒதுங்கியிருந்தால் குனிந்து எட்டிப் பார்த்து விரட்டிவிடாதீர்கள். வெளியே ஓடினால் அதன் உயிருக்கே ஆபத்து.

காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சதுப்பில் கண்ணுக்கு முன் வேலை செய்வது காதுதான். பவளக்காலி எதைப் பார்த்தாலும் முதலில் கத்திக்கொண்டு எழும். அது எழுந்தால் வானத்தைப் பாருங்கள், வல்லூறோ பருந்தோ வந்திருக்கும். பச்சைக்காலி ஒரே சீரில் மூன்று முறை உரக்கச் சீழ்க்கையடிக்கும். விம்பிரல் ஒரே சுருதியில் வேகமாக ஏழு தரம் போலச் சீழ்க்கையடிக்கும், கர்லூ தன் பெயரையே இழுத்து நீட்டிக் கூவும். வளைந்த அலகுள்ள இந்த இரண்டையும் தூரத்தில் பிரிக்கக் குரலைவிட எளிய வழி கிடையாது. நாணலுக்குள் அசையாமல் அலகை வானத்துக்கு நீட்டி நிற்கும் குருகைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஐரோவாசியப் பெருங்குருகின் முழக்கமோ சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். குரலைப் பழகப் பதிவுகளை வீட்டில் கேளுங்கள். பாதையில் நின்று ஒலிக்கவிட வேண்டாம். தன் எல்லையில் வேறு பறவை வந்துவிட்டதாக நினைத்து வேலையை விட்டுவிட்டு அது அலையும்.

இப்போது பைனாகுலர். 8×42ஐ வைத்துக்கொள்ளுங்கள். 10×42 வாங்கினால் உருவம் கால்பங்கு பெரிதாகும், அதே அளவுக்குக் கை நடுக்கமும் பலகையின் ஆட்டமும் பெரிதாகும், பார்வைப் பரப்பு குறையும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 8×42இல் 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2. அதிகாலையிலும் அந்தியிலும் அந்த வித்தியாசம் தெரியும். பணம் செலவழிப்பது என்று முடிவெடுத்தால் அது ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு, அதாவது ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிக்குப் போகட்டும். சேற்றுவெளியில் உண்மையான உதவி அதுதான். ஆனால் பலகையில் ஸ்கோப் வைப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். ட்ரைபாடின் மூன்று கால்களையும் பலகை நடுவில் வைத்தால், இருபது அடி தள்ளி ஒருவர் நடந்தாலே படம் துள்ளும். தூணுக்கு நேர் மேலே, பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மீது கால்கள் நிற்கும்படி வையுங்கள், கால்களை முழுக்க நீட்டாமல் தாழ்வாக வையுங்கள். யாராவது நடந்து வந்தால் அவர் தாண்டிப் போகும் வரை பார்ப்பதை நிறுத்திக்கொள்வதுதான் ஒரே வழி.

அந்த முப்பது இனப் பட்டியலை நம்பலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியில் அது இருக்கிறது. நல்ல ஏற்றத்தில், வலசைக் காலத்தில், முப்பது என்பது கடலோரச் சதுப்பில் நடக்கக்கூடியதுதான். அதில் ஒவ்வொரு பெயரும் ஒரே உறுதியோடு இருக்க வேண்டியதில்லை. நெடுங்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், கல்திருப்பி போன்றவற்றை ஓரளவு பழகியவரே தவறில்லாமல் சொல்லிவிடலாம். பறக்கும்போது பவளக்காலியின் இறக்கைப் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும், பச்சைக்காலிக்கு இறக்கையில் பட்டை கிடையாது, முதுகில் வெள்ளை ஆப்பு மட்டும். இவையும் உறுதியான அடையாளங்கள். ஆனால் கொசு உள்ளானையும் சிவப்புக் கழுத்துக் கொசு உள்ளானையும் குளிர்கால உடையில் தூரத்திலிருந்து பிரித்துப் பெயர் எழுதினால் நான் கேள்வி கேட்பேன். காலின் நிறத்தைக்கூட முழுதாக நம்ப முடியாது, சேறு பூசிய மஞ்சள் காலும் கறுப்புக் காலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "கொசு உள்ளான் வகை, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை, கணக்கெடுப்புத் தாள்களில் நாங்களும் அப்படித்தான் எழுதுகிறோம். எண்ணிக்கையிலும் கவனம் தேவை. பெரிய கூட்டத்தை ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டால் மனசு குறைத்துத்தான் சொல்லும். பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டு போங்கள்.

எந்த மாதம் போவது என்பதும் உங்கள் கரையைப் பொறுத்தது. வடதுருவப் பகுதியில் முட்டையிடும் கரைப்பறவைகளில் வளர்ந்தவை முதலில் தெற்கே கிளம்பிவிடும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் சில வாரம் கழித்துப் பெரியவை துணையில்லாமலே வருகின்றன. 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது செயற்கைக்கோள் கருவி மூலம் பதிவானது. அது பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை. இப்படிக் கிளம்புவதற்கு முன் அவை உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன, பறக்கும்போது தேவைப்படாத குடல், இரைப்பை போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கின்றன. அந்தக் கொழுப்பெல்லாம் உங்கள் பாதைக்கு எதிரே இருப்பது போன்ற சேற்றில் மேய்ந்து சேர்த்தது. ஒரு கூட்டத்தை ஒருமுறை எழுப்பினால் மேயும் நேரமும் போகிறது, சேர்த்ததிலும் கொஞ்சம் கரைகிறது.

அதனால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தினமும் அதே தடத்தில் மனிதர்கள் போய்வருவதைப் பழகிய பறவைகள் பாதையில் நடப்பவரை அதிகம் பொருட்படுத்துவதில்லை என்பது என் அனுபவம். கைப்பிடிக்கு வெளியே கையை நீட்டிக் காட்டுவது, திடீரென்று குனிவது, பெரிய லென்ஸை வீசித் திருப்புவது, இவைதான் எழுப்பும். மேய்வதை நிறுத்திவிட்டுக் கூட்டமாகத் தலை தூக்கினால் நீங்கள் அசைவதை நிறுத்துங்கள், அடுத்து பறக்கத்தான் போகின்றன. உப்புக்கொத்தியோ நெடுங்கால் உள்ளானோ இறக்கை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு எதிரே நடந்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது, நின்று படமெடுக்காமல் உடனே தள்ளிப் போய்விடுங்கள். பாதையின் ஒரு பகுதி பறவைகள் ஒதுங்கும் மேட்டை ஒட்டிப் போனால், உச்ச ஏற்றத்தின்போது அந்தப் பக்கம் போகாமல் முன்னாலேயே நின்றுவிடுங்கள். வேறு போக்கிடம் இல்லாத நேரம் அது. தண்ணீர் இறங்கத் தொடங்கி முதல் சேற்றுத்திட்டு வெளியே வந்ததும் அவை தாமாகவே கலைந்து மேயப் போகும். அப்புறம் நீங்கள் அந்தப் பகுதியைத் தாண்டலாம்.